நானூற்றுப் பதினேழு சாவுகளும் ஒரு பீரோவும்

நானூற்றுப் பதினேழு முறை செத்தவர், புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் நின்று ஒரு தும்மலைத் திருடிக்கொண்டிருக்கிறார். முன்னால் நிற்கும் பருத்த மனிதருக்குத் தும்மல் வருகிறது. அதற்கு முன்னேற்பாடாக அவர் இரண்டு கைகளையும் பறக்கப் போகிறவர் மாதிரி விரிக்கிறார். வாய் திறக்கிறது, கண் சொருகுகிறது, தும்மல் மட்டும் வரவில்லை. ஓரடி பின்னால், நரைத்த கிராப்பும் தோளில் ஒரு பெரிய பையுமாக நிற்கும் இந்த அறுபத்தெட்டு வயதுப் பெண்மணியும் கைகளை விரிக்கிறார், வாயைத் திறக்கிறார், கண்ணைச் சொருகுகிறார். மனிதர் திரும்பிப் பார்க்கிறார்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல தம்பி. நீங்க பாருங்க, அவசரமில்ல."

பேருந்து வருகிறது. மனிதர் கையை விரித்தபடியே ஏறுகிறார். பெண்மணி போகவேண்டிய பேருந்து அதுவல்ல. இருந்தாலும் ஏறிவிடுகிறார். தும்மல் இன்னும் முடியவில்லையே!

இப்படித் திருடிய தும்மல்கள், கொட்டாவிகள், நொண்டல்கள், பல்குத்தல்கள் எல்லாம் அவரிடம் சரக்காக இருக்கின்றன. கடைத்தெருவில் யார் பின்னாலாவது அவர் நடந்தால், அந்த ஆளின் நடையிலேயேதான் நடப்பார். தையற்கடைக்காரர் ஒருமுறை தன் நடையைத் தன் முதுகுக்குப் பின்னால் கண்ணாடியில் பார்த்துவிட்டு, மறுநாளே மருத்துவரிடம் முழங்காலைக் காட்டப் போனார்.

அக்கம்பக்கத்தில் அவருக்கு 'எட்டேகால் அக்கா' என்று பெயர். மேடையில் அவர் எட்டேகாலுக்குச் செத்துவிடுவார் என்பதுதான் காரணம். அரங்க வாசலிலிருந்து கடைசிப் பேருந்து எட்டரைக்கு. சனங்கள் அழுது முடித்து, மூக்கைச் சிந்தி, இருக்கைக்கு அடியில் செருப்பைத் துழாவி எடுத்துக்கொண்டு ஓடுவதற்குப் பதினைந்து நிமிடம் வேண்டும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. ஒருநாள் வில்லனுக்கு ஏகப்பட்ட கைதட்டல் விழுந்து நாடகம் இழுத்துக்கொண்டே போயிற்று. வெளியே காலி வண்டியில் பொறுமையிழந்த ஓட்டுநர் ஹார்ன் அடிக்க, நடத்துநர் அவரை அடக்கினாராம்: "இருங்கண்ணே, அம்மா இன்னும் சாகல."

அந்த மேடையில் ஏறிய முதல் பெண் இவர். நாற்பத்தொன்பது வருடங்களுக்கு முன்பு, பத்தொன்பது வயதில், நாடகக் குழு முதலாளியின் முன்னால் போய் நின்றிருக்கிறார். அதுவரை ராணி, தாய், காதலி எல்லாருமே அங்கே ஆண்கள்தான். முதலாளி இவரை நடந்து காட்டச் சொன்னார். நடந்தார். முதலாளி உதட்டைப் பிதுக்கினார்.

"பொம்பள மாதிரியே இல்லையேம்மா. அண்ணனைப் பாரு."

அண்ணன் என்பவர் இருபத்திரண்டு வருடமாக அங்கே கதாநாயகி. மழித்த மீசை பச்சையாகத் தெரிய, அவர் எழுந்து இடுப்பை ஒடித்து நாலு எட்டு வைத்தார். கூடியிருந்தவர்கள் பெருமூச்சு விட்டார்கள்.

"நானும் அசந்துட்டேன்" என்கிறார் அக்கா. "அப்படி ஒரு பொம்பளைய நான் பொறந்ததுலேருந்து பார்த்ததே இல்ல."

ஒரு மாதம் வீட்டுக் கூடத்தில் அண்ணனின் நடையை நடந்து பழகினார். பெண்ணாக நடிக்கும் ஆணாக நடித்துத்தான் பெண் வேடம் வாங்கினார். சொந்த நடைக்குத் திரும்ப ஒரு வருடம் பிடித்ததாம். "தெருவுல எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்த்தாங்க. நான் என்னமோ அழகாயிட்டேன்னு நெனச்சுக்கிட்டேன்."

பெண்ணுக்கு உடை மாற்ற அங்கே அறை கிடையாது. கேட்டபோது முதலாளி நிஜமாகவே யோசித்துப் பார்த்துவிட்டு, "இத்தனை வருஷமாத் தேவைப்படலயே" என்றார். ஆகவே பதினைந்து வருடம், சாமான் கிடங்கில் சாய்த்து வைத்திருந்த அரண்மனைப் படுதாவுக்குப் பின்னால் உடுத்திக்கொண்டார். அவர் மாமியார் உறவுக்காரர்களிடம் "மருமக அரண்மனையிலதான் டிரஸ் மாத்துறா" என்று சொல்லிக்கொள்வாராம். பொய் இல்லை.

மேடைக்குப் பெண் வந்துவிட்டாள். அவளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நாடகம் எழுதுகிறவர்களுக்குத் தெரியவில்லை. கொன்றார்கள். விஷம் கொடுத்துக் கொன்றார்கள், வெள்ளத்தில் விட்டுக் கொன்றார்கள், இருமவைத்துக் கொன்றார்கள். குற்றமே செய்யாமல் செத்தார், குற்றம் செய்தும் செத்தார். ஒரு நாடகத்தில் முதல் காட்சியிலேயே செத்து, படமாகச் சுவரில் தொங்கி, கடைசிக் காட்சியில் ஆவியாக வந்து அங்கேயும் ஒருமுறை செத்தார்.

முப்பத்து நான்காம் வயதில் சொந்தக் குழு ஆரம்பித்தார். அந்த வட்டாரத்தில் ஒரு பெண் நடத்திய முதல் குழு அது. அரங்கைப் பதிவு செய்யப் போனபோது அப்போதிருந்த மேலாளர் படிவத்தை இவர் பக்கம் நகர்த்தவே இல்லை. "குழுத் தலைவர் வந்து கையெழுத்துப் போடட்டும்மா" என்றார். இவர் சரியென்று எழுந்து வெளியே போனார். கதவைச் சாத்தினார். பிறகு கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, அதே நாற்காலியில் உட்கார்ந்து, "தலைவர் வந்துட்டேன், குடுங்க" என்றார்.

குழு என்று பெரிதாக நினைத்துவிட வேண்டாம். எல்லாரும் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். கதாநாயகன் ஒரு பல் டாக்டர். வசனங்களை நோயாளிகளிடம் சொல்லிப் பார்ப்பார். வாயைத் திறந்தபடி படுத்திருப்பவர்கள் குறுக்கே பேச முடியாது என்பது வசதி. அக்காவின் நாத்தனார் மாலை ஆறு மணிவரை பேருந்தில் டிக்கெட் கிழிப்பார், ஆறரைக்கு மேடையில் பக்கத்து வீட்டுக்காரியாக வம்பு வளர்ப்பார். இரண்டுக்கும் ஒரே குரல்தான்.

அக்காவின் கணவர் அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்து நான்கு வருடமாக மேடையின் பக்கவாட்டு மறைவில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து, வசனம் மறந்தவர்களுக்கு எடுத்துக் கொடுக்கிறார். பதற்றம் வந்துவிட்டால் நிறுத்தற்குறிகளையும் சேர்த்துக் கிசுகிசுப்பார். ஒரு கொலைக்காட்சியில் கத்தியோடு நின்ற வில்லன், "சாவு கமா துரோகியே" என்று அவர் சொன்னதை அப்படியே கர்ஜித்துவிட்டார். அன்றிலிருந்து குழுவில் அவர் 'கமா மாமா'.

"எங்க அண்ணன் வாழ்க்கையில ஒரு புள்ளி தப்பா விட்டதில்ல" என்று நாத்தனார் ஒத்திகையில் ஆரம்பிப்பார். "கல்யாண விஷயத்துலதான் சரியாப் பார்க்காம விட்டுட்டாரு."

"பார்த்தாருடி. நீதான் இலவச இணைப்புன்னு அவர் எங்கிட்ட சொல்லல" என்பார் அக்கா.

இந்தக் குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. நாடகம் எங்காவது தடம் புரண்டால் அக்கா செத்துவிடுவார். துப்பாக்கி வெடிக்காமல் போனாலும், ராஜாவின் கிரீடம் உருண்டு முதல் வரிசைக்குப் போனாலும், யாராவது வசனத்தைத் தொலைத்துவிட்டு விழித்தாலும் கமா மாமா மறைவிலிருந்து "எட்டேகால்!" என்று கிசுகிசுப்பார். அடுத்த நொடி அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். மேலேயிருந்து திரை இறங்கும். திரைக்காரர் நாடகம் முழுக்கக் கயிற்றில் சாய்ந்து அரைத்தூக்கத்தில்தான் இருப்பார், ஆனால் அந்த ஒரு சொல்லுக்கு அவர் கை தானாக வேலை செய்யும். நானூற்றுப் பதினேழில் அறுபத்து மூன்று இப்படிப்பட்ட அவசரச் சாவுகள். சனங்களுக்கு இதுவரை சந்தேகம் வந்ததில்லை. அக்கா எப்போது செத்தாலும் அவர்களுக்குச் சம்மதம்.

அதுதான் அவருக்குத் தொண்டையில் சிக்கிய முள். நாற்பத்தொன்பது வருடமாக அவருக்கு ஆசை ஒன்றே ஒன்று: இந்த அரங்கைச் சிரிக்க வைக்கவேண்டும். இருபது வருடங்களுக்கு முன்பு ஒரு முழுநீளச் சிரிப்பு நாடகம் எழுதிப் போட்டார். அவர் வழுக்கி விழுந்தால் அரங்கம் "ஐயோ" என்றது. எழுந்தால் நிம்மதிப் பெருமூச்சு விட்டது. எப்போது சாவார் என்று கைக்குட்டையோடு காத்திருந்தது. கடைசியில் மனம் நொந்து, எட்டேகாலுக்குச் செத்துக் கொடுத்தார். அப்படி ஒரு கைதட்டல்! அதன்பிறகு அவர் சிரிப்பு நாடகம் எழுதவில்லை.

இப்போது மறுபடி எழுதியிருக்கிறார், எட்டு மாதமாக. மூக்குக் கண்ணாடியைத் தொலைத்த ஒரு கணவர். அவர் அம்மா கொடுத்த ஏழடி மர பீரோ, வீட்டையே அடைத்துக்கொண்டு நிற்கிறது. அதை மனைவி அவருக்குத் தெரியாமல் விற்றுவிடுகிறாள். முதல் காட்சியில் பீரோ இருக்கும், இரண்டாவதில் விற்கப்படும், மூன்றாவதில் மேடை காலி. அவ்வளவுதான் கதை. யாரும் சாவதில்லை.

சனி, ஞாயிறு இரண்டு நாளுக்கு அரங்கம் கிடைத்திருக்கிறது. ஆனால் இப்போதைய மேலாளர், கண்ணியமான மனிதர், கையைப் பிசைந்துகொண்டு ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். "தப்பா நெனைக்காதீங்கம்மா. சனிக்கிழமை ஜனங்க சிரிச்சாங்கன்னா ஞாயித்துக்கிழமையும் இதே. சிரிக்கலன்னா, பழைய வெள்ள நாடகம் போட்டுடுவோம். அதுல நீங்க மூழ்கிப் போறது நல்லாருக்கும்."

அக்கா சம்மதித்துவிட்டார். வெள்ளிக்கிழமை ஒத்திகையில் குழுவிடம் சொன்னார்: "இதுலயும் சிரிக்கலன்னா இனிமே நான் பேனாவைத் தொடமாட்டேன். சாகச் சொல்ற இடத்துல செத்துட்டு வீட்டுக்குப் போறேன். ஆனா நாளைக்கு மட்டும் எனக்கு எட்டேகால் கிடையாது. சொல்லிட்டேன். மாமாகிட்டயும் சொல்லிடுங்க."

"நான் இங்கதான் இருக்கேன்" என்றார் கமா மாமா, முக்காலியிலிருந்து.

சனிக்கிழமை மாலை முந்நூறு இருக்கையில் இருநூற்றுப் பன்னிரண்டு நிரம்பியிருந்தன. மூன்றாவது வரிசையில் ஓர் அம்மாள் மடியில் இரண்டு கைக்குட்டைகளைத் தயாராக மடித்து வைத்திருந்தார். மேலாளர் பின்கதவருகே நின்றார். ஆறரைக்குத் திரை ஏறியது. பீரோ பளபளவென்று நின்றது. அதன் கதவில் ஆளுயரக் கண்ணாடி வேறு.

அக்கா பீரோவில் இடித்துக்கொண்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. "பாவம்" என்றது ஒரு குரல். நாத்தனார் வந்து வம்பு பேசிவிட்டுப் போனார். அமைதி. இருபது நிமிடம் ஓடிவிட்டது. மறைவில் கமா மாமா நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மூன்றாவது வரிசை அம்மாள் முதல் கைக்குட்டையைப் பிரித்துவிட்டார்.

அப்போதுதான் மூக்குக் கண்ணாடி தொலைந்த கணவராகப் பல் டாக்டர் நுழைந்தார். பீரோவில் மூக்கு உரசும் தூரத்தில் நின்று கேட்டார்:

"பீரோ எங்கே?"

"உங்க மூக்குக்கு முன்னாடி" என்றார் அக்கா. எழுதியபடிதான்.

இதே கேள்வி மூன்றாவது காட்சியிலும் வருகிறது. அங்கே பீரோ போயிருக்கும். கணவர் அதே இடத்தில் நின்று "பீரோ எங்கே?" என்று கேட்பார், பிறகு வெடிப்பார். அந்த வெடிப்பைத்தான் பல் டாக்டர் வாரம் முழுக்கப் பதினெட்டு நோயாளிகளிடம் பழகியிருந்தார். வாய் அந்தத் தடத்துக்குத் தேய்ந்து போயிருந்தது. ஒரே வசனம் இரண்டு இடத்தில் வந்தால் நடிகர்கள் இப்படித் தாவிவிடுவது உண்டு. குழுவில் இதற்கு 'வண்டி மாறி ஏறுறது' என்று பெயர். டாக்டர் ஏறிவிட்டார்.

"வித்துட்டியா! என்னை ஒரு வார்த்தை கேக்காம எங்கம்மா குடுத்த பீரோவை வித்துட்டியா!"

ஏழடி பீரோ அவர் எதிரே அசையாமல் நின்றது. அதன் கண்ணாடியில் தன் முகத்தைத் தானே பார்த்தபடிதான் அவர் கத்தினார். பாதியில் அவருக்கே விளங்கிவிட்டது. கண்ணாடிக்குள் ஒரு முகம் மெல்ல வெளுப்பதை இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் பார்த்தார்கள். எங்கோ ஒருவர் "க்ளுக்" என்றார்.

மறைவில் தாள்கள் படபடத்தன. "கமா... கமா..." என்று ஒரு முனகல். பிறகு, முப்பத்து நான்கு வருடப் பழக்கம்: "எட்டேகால்! எட்டேகால்!"

அக்கா மறைவுப் பக்கம் திரும்பி, பக்கத்து வீட்டுக்குப் பதில் சொல்வதுபோல உரக்கச் சொன்னார்: "இன்னும் ஏழே ஆகலீங்க!"

ஆனால் திரைக்காரரின் கை கேட்டுவிட்டது. திரை இறங்கியது. இடுப்பு, முழங்கால் என்று மூடிக்கொண்டு வந்து, கடைசியில் நான்கு மனிதக் கால்களும் நான்கு பீரோக் கால்களும் மட்டும் தெரிந்தன. அந்த இடைவெளியில் ஒரு கை நீண்டது. திரையின் அடிக்கட்டையைப் பிடித்தது. மூச்சுப் பிடித்துத் தூக்கி, தலைக்கு மேலே கொண்டுபோய் நிறுத்தியது.

"பீரோதான் போயிடுச்சு" என்றார் அக்கா, மேடைக் கணவரைப் பார்த்து. "காத்தாவது வரட்டும்."

அரங்கம் சிரித்தது. சின்னச் சிரிப்பு இல்லை. பின்வரிசையில் ஆரம்பித்து முன்வரிசைவரை உருண்டு வந்த சிரிப்பு. அக்கா அதைக் கேட்டு ஒரு வினாடி அப்படியே நின்றார். நடிப்பில் அந்த ஒரு வினாடி சேராது. பிறகு அவரை யாராலும் பிடிக்க முடியவில்லை. பீரோவின் மேல் சாய்ந்துகொண்டு, "ஆமா, வித்துட்டேன். பாருங்க, வீடு எவ்வளவு தாராளமா இருக்கு!" என்றார். அந்தத் தாராளத்தைக் காட்ட நடந்தார், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் வயிற்றை எக்கிப் பக்கவாட்டில் நுழைந்து. டாக்டருக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. அக்கா பீரோவைத் திறந்தார், துண்டு ஒன்றை எடுத்தார், மூடினார், நீட்டினார்.

டாக்டர் வாழ்க்கையில் முதல்முறையாக எழுதாத வசனம் ஒன்று பேசினார்: "இது... எங்கேருந்து எடுத்தே?"

"பீரோ இருந்த இடத்துலேருந்து."

நாத்தனார் மூன்றாவது காட்சிக்கு வரவேண்டிய மாதிரி ஓடி வந்து, "ஐயையோ, இங்கதானே நின்னுச்சு!" என்று பீரோவை ஓங்கி அறைந்தார். மூன்றாவது வரிசை அம்மாள் இரண்டு கைக்குட்டைகளையும் வாயில் வைத்து அடைத்துக்கொண்டார். மேலாளர் கதவில் சாய்ந்தபடியே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒன்றே முக்கால் மணி நேர நாடகம் ஏழு இருபதுக்கு முடிந்தது. சனங்கள் எழுந்திருக்கவில்லை. மேடையிலிருந்து பீரோவைத் தள்ளிக்கொண்டு போனபோது அதற்கும் தனியாகக் கைதட்டினார்கள்.

ஒப்பனை அறைக்கு மேலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். "நாளைக்கும் இதேதாம்மா" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் சிரித்தபடியே போய்விட்டார். நாத்தனார் விசில் அடித்தார். பல் டாக்டர் மட்டும் நாற்காலியில், தன் நோயாளிகள் உட்காரும் விதத்தில், கைப்பிடியை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மன்னிச்சுடுங்கக்கா. ஒரு காட்சியையே முழுங்கிட்டேன். நாளைக்கு ஒழுங்கா சொல்லிடறேன்."

"ஒழுங்கா சொன்னே, உன் பல்லை நான் புடுங்குவேன்" என்றார் அக்கா. "மாமா, எத்தனை பக்கம் போச்சு?"

கமா மாமா பிரதியைப் புரட்டினார். "பதினெட்டுலேருந்து முப்பத்து மூணு. பதினாறு பக்கம்." பிறகு ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். "இதுலதான் பீரோவை வழியனுப்புற அந்தப் பேச்சு இருக்கு. நீ ஏழு தடவை திருத்தி எழுதினது. இதுவரைக்கும் நீ எழுதினதுலயே அதுதான் நல்லாருக்குன்னு நானே சொன்னேன்."

"சொன்னீங்க."

"ஒரு பிழைகூட இல்ல அதுல."

அக்கா பிரதியை வாங்கினார். முகப்பூச்சு பாதி கலைந்திருந்தது. கட்டைவிரலை நாக்கில் தொட்டுப் பக்கங்களை எண்ணி, பதினாறையும் சேர்த்துப் பிடித்து, ஒரே இழுப்பில் கிழித்தார்.

ஞாயிறு மாலை ஆறரைக்கு இரண்டாவது நாள் ஆட்டம். பக்கம் பதினேழுக்கு அடுத்தது முப்பத்து நான்கு.